செட்டிநாட்டு வீட்டில் வயதான நாய்க்குச் சரிவுப் பலகை: அளவெடுப்பது முதல் பழக்குவது வரை

எங்கள் வீடு கோட்டையூர் பக்கம். முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு), இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் பழைய வீடு. ஜிம்மிக்கு 12 வயது, 28 கிலோ, லேப்ரடார் கலப்பு. பின்னங்கால் மூட்டு தேய்ந்த பிறகு, நிலைப்படியில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு அப்படியே நின்றுவிடுவான். நிற்கும்போதே பின்னங்கால்கள் ஆத்தங்குடிக் கல்லில் (கையால் செய்த பூப்போட்ட தரை ஓடு) கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும், நகம் கீச்சென்று சத்தம் போடும். பிறகு திரும்பி வந்து படுத்துக்கொள்வான்.

இணையத்தில் தேடினால் காரில் ஏற்றவும் சோபாவில் ஏற்றவும் செய்த சரிவுகள்தான் கிடைக்கின்றன. இரண்டு பக்கமும் இறங்கும் நிலைப்படி, பளபளக்கும் தரை, ஆணி அடிக்கக் கூடாத தூண்கள், பல பேருக்குப் பாத்தியப்பட்ட வீடு, இதையெல்லாம் கணக்கில் எடுத்து யாரும் சொல்லவில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்த வீடுகளில் பலகையைவிடத் தரைதான் பெரிய பிரச்சினை. பலகைக்கு முன்னும் பின்னும் கால் வழுக்கினால், எவ்வளவு நல்ல பலகை செய்தாலும் நாய் அதில் ஏறாது.

1. முதலில் டாக்டர், பிறகு ஆசாரி

நாய் படி ஏறத் தயங்குவதற்கு மூட்டுத் தேய்மானம் மட்டுமே காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். இடுப்பு மூட்டு, முதுகுத்தண்டு, கண் மங்குவது, நகம் அதிகமாக வளர்ந்திருப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். நேற்றுவரை நடந்த நாய் இன்று திடீரென்று பின்னங்காலை இழுத்துக்கொண்டு போனால் அது முதுகுத்தண்டுக் கோளாறாக இருக்கக்கூடும். அன்றைக்கே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலையில் போவது நல்லது. எக்ஸ்ரே அங்கேயே எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர் மாவட்டத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வயதான நாயைக் காரில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்த் திரும்பினால் அன்றைய பொழுது அதற்கே சரியாகப் போய்விடும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பழைய மருந்துச் சீட்டுகள், தடுப்பூசிப் புத்தகம், முன்பு எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அது. இவற்றோடு, வீட்டில் நாய் நடப்பதையும் படுத்து எழுவதையும் படியில் திணறுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் பயத்தில் நாய் வேறு மாதிரி நடக்கும். அந்த வீடியோதான் டாக்டருக்கு உண்மையைச் சொல்லும்.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தக் காலில் வலி அதிகம்? சரிவில் ஏறி இறங்கலாமா, தூக்கிவிடுவதே நல்லதா? வலி மருந்தை எந்த நேரத்தில் கொடுப்பது? மனிதர் போடும் பாரசிட்டமால், ஐப்யூபுரோஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். நாயின் ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். நாயின் எடையை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஆசாரியிடம் சொல்லத் தேவைப்படும். நகத்தையும் பாதத்தின் இடுக்கில் வளர்ந்த முடியையும் வெட்டிவிடச் சொல்லுங்கள். அதற்கே நடையில் ஒரு மாற்றம் தெரியும்.

2. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டுவரை ஏற்ற இறக்கம் நிறைய இருக்கும். எல்லா இடத்திலும் பலகை போட முடியாது. நாய் ஒரு நாளில் எங்கெல்லாம் போகிறது என்று கவனித்துப் பார்த்து, சாப்பிடும் இடம், படுக்கும் இடம், வெளிக்குப் போகும் இடம் மூன்றையும் முடிந்தவரை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை இரண்டாங்கட்டிலிருந்து வளவுக்கு மாற்றியதுமே ஒரு நிலைப்படி மிச்சமானது.

மிஞ்சியவை இரண்டு: முகப்புக்கும் வளவுக்கும் நடுவே உள்ள நிலைப்படி, வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் கல்படி. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டும்தான் சிக்கல். கட்டிலுக்குப் பலகை செய்யாதீர்கள் என்பது என் கருத்து. கட்டில் உயரத்துக்குச் சரிவு வைத்தால் அறையில் பாதி போய்விடும், தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது விழவும் வாய்ப்புண்டு. கனமான மெத்தையைத் தரையில் போட்டு, நீங்கள் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

3. அளவு எடுப்பது

இதில் அவசரம் கூடாது. பெரும்பாலான பலகைகள் வீணாவது சரிவு அதிகமாக இருப்பதால்தான். முதலில் வந்த ஆசாரி, “நாய்தானே, ஒரே தாவா தாவிரும்ணே” என்று ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி நீளம் போதும் என்றார். இளம் நாய்க்கு அது போதும். மூட்டு வலி உள்ள நாய்க்கு அது சுவர் ஏறுவதற்குச் சமம்.

கணக்கு எளிது. படியின் உயரத்தை அங்குலத்தில் எடுங்கள். ஓரளவு நடக்கிற நாய் என்றால் அதை 3ஆல் வகுங்கள். கிடைப்பது, தரையில் பலகை எத்தனை அடி நீள வேண்டும் என்ற அளவு. 12 அங்குலப் படிக்கு 4 அடி, 15 அங்குலத்துக்கு 5 அடி. பின்னங்கால் ரொம்பத் தளர்ந்திருந்தால் 2ஆல் வகுங்கள்: 12 அங்குலத்துக்கு 6 அடி. முதல் கணக்கில் சரிவு ஏறத்தாழ 14 டிகிரி வரும், இரண்டாவதில் பத்து டிகிரிக்குள் அடங்கும்.

பலகை சாய்ந்து நிற்பதால் அதன் நீளம் தரை நீளத்தைவிடக் கொஞ்சம் கூடும். 12 அங்குல உயரம், 48 அங்குலத் தரை நீளம் என்றால் பலகை 49.5 அங்குலம் வேண்டும். ஆசாரியிடம் 50 என்று சொல்லுங்கள், மிச்சத்தை இழைத்துக்கொள்ளலாம்.

படியின் உயரத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். பழைய கல்படி தேய்ந்திருக்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் அரை அங்குலம் வித்தியாசம் இருக்கலாம். முற்றத்துத் தரை மழைத் தண்ணீர் ஓடுவதற்காகச் சற்று வாட்டமாகவே இருக்கும். பலகையின் கால் எங்கே ஊன்றப்போகிறதோ அந்த இடத்திலிருந்து ரசமட்டம் வைத்து அளக்க வேண்டும்.

அகலம் 2 அடி வையுங்கள். 8க்கு 4 பிளைவுட்டை நீளவாக்கில் நடுவில் அறுத்தால் சரியாக வரும், வீணாகாது. குறுகலான பலகையில் நாய் நடுவழியில் நின்று திரும்பப் பார்க்கும், அப்போதுதான் விழும்.

நிலைப்படியில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கதவு. கனமான இரட்டைக் கதவு உள்பக்கம் திறக்கும், உள்ளே பலகை இருந்தால் இரவில் சாத்த முடியாது. அதனால் உள்பக்கத் துண்டு தனியாக, ஒரு ஆளே தூக்கிவிடும்படி இருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டுப் பெரியவர்கள். மஞ்சள் குங்குமம் வைக்கும் நிலைப்படியைப் பலகை போட்டு மூடுவதற்கு எங்கள் ஆச்சி சம்மதிக்கவில்லை, அதில் நியாயமும் இருக்கிறது. முகப்புப் பக்கம் ஒரு துண்டு, வளவுப் பக்கம் ஒரு துண்டு என்று நிலைப்படியின் மேல்மட்டம் வரை கொண்டுவந்து நிறுத்தி, படியைத் திறந்தே விட்டுவிட்டோம். நாய் அதன் மேல் இரண்டு எட்டு வைத்து அந்தப் பக்கம் இறங்கிக்கொள்ளும். 7 அங்குல நிலைப்படிக்கு ஒவ்வொரு துண்டும் 29 அங்குல நீளம்.

4. சம்மதமும் தாள்களும்

பூர்வீக வீடு பொதுவில் இருந்தால், வேலை தொடங்குமுன் பங்காளிகள் எல்லோருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப விசேஷம்) வரும்போது பார்த்துவிட்டுக் கேட்பதைவிட, முன்பே கேட்டுவிடுவது உறவுக்கும் நல்லது. வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: “நாய்க்காக வளவில் மரத்தில் ஒரு சரிவு வைக்கிறோம். எங்கும் ஆணி அடிக்கவில்லை, தரையில் பசை ஒட்டவில்லை, தூணில் ஓட்டை போடவில்லை. விசேஷ நாட்களில் எடுத்துவிடுவோம்.” வந்த பதில்களை அழிக்காமல் வைத்திருங்கள். வாடகை வீடு என்றால் இதே வாசகத்தை வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.

நீங்கள் எழுதிய வாக்கை நீங்களே காப்பாற்ற வேண்டும். பர்மாத் தேக்குத் தூணில் ஒரு ஆணி இறங்கினால் அந்த ஓட்டையை யாராலும் மறைக்க முடியாது. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சில்லு போனால் அதே பூ, அதே சாயத்தில் ஒன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அளவுத் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். பக்கவாட்டுப் படம், உயரம், தரை நீளம், பலகை நீளம், அகலம், நாயின் எடை. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை ஆசாரியிடம் கொடுங்கள். வாயால் சொன்ன அளவு மரக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். வேலையாட்கள் வந்துபோகும் நாட்களில் தடுப்பூசிப் புத்தகம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வலியில் இருக்கும் நாய், எவ்வளவு சாதுவாக இருந்தாலும், தெரியாதவர் தொட்டால் கடிக்கக்கூடும். வேலை நடக்கும்போது அதை வீட்டின் வேறு கட்டுப் பகுதியில் வைத்திருங்கள்.

5. சாமான்களும் செலவும்

பிளைவுட் 18 மி.மீ. கனத்தில் ஒரு முழுத் தாள். முற்றத்துப் பலகை மழைச் சாரலில் நனையும் என்பதால் சாதாரண எம்.ஆர். (ஈரப்பதம் மட்டும் தாங்கும்) ரகம் வேண்டாம், பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரும் தாங்கும்) ரகமாவது வாங்குங்கள். எப்போதும் மழையில் கிடக்கும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ரகம். பில்லில் ரகத்தையும் கனத்தையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு தாள் பிரிந்தாலோ பூச்சி அரித்தாலோ கடைக்காரரிடம் பேச அந்த பில்தான் உதவும்.

ஒரு தாளிலேயே எல்லாம் அடங்கும். நடுவில் அறுத்த முதல் பாதியில் 50 அங்குலத் துண்டும் ஒரு 29 அங்குலத் துண்டும், இரண்டாவது பாதியில் இன்னொரு 29 அங்குலமும். மீதியில் தாங்கு கட்டைகள் வெட்டிக்கொள்ளலாம்.

அடிச்சட்டத்துக்கு ரீப்பர், அதாவது ஒல்லியான மரச் சட்டம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச் சாமான் விற்கும் கடைகளில் பிரித்த வீட்டுத் தேக்கு ரீப்பர் கிடைத்தால் அது நல்ல தேர்வு. துருப்பிடித்த ஆணி உள்ளே ஒடிந்து கிடக்கிறதா, கரையான் தடம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய தேக்கு இறுகிப் போயிருக்கும், துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் பிளந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் ஏறத்தாழ ஆகும் செலவு: பிளைவுட் 2,500 முதல் 3,500 ரூபாய், ரீப்பர் 500, மேலே விரிக்க ரப்பர் மேட் 600 முதல் 1,000, ஸ்க்ரூ, ஃபெவிகால், உப்புத்தாள் 300, லோடு ஆட்டோ 400, ஆசாரி கூலி ஒன்றரை நாளைக்கு 1,500 முதல் 1,800. மொத்தம் 5,800 ரூபாயிலிருந்து 7,500 ரூபாய்க்குள் முடியும். கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக் கணக்கில் பேசுங்கள். சின்ன வேலை என்பதால் பாதியில் விட்டுவிட்டுப் பெரிய வேலைக்குப் போய்விடுவது நடக்கும்.

முகூர்த்த மாதங்களில் ஆசாரி கிடைப்பது கஷ்டம். மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நேரத்திலும் காரைக்குடிப் பக்கம் ஆள் பிடிப்பது சிரமம். ஐப்பசி மழைக்கு முன் பெயிண்ட் காய்ந்துவிடும்படி, புரட்டாசிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

6. பூட்டும்போது பக்கத்தில் இருங்கள்

ஆசாரிக்கு மரம் தெரியும், நாயின் கால் தெரியாது. அதனால் இவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பலகையின் அடியில் ஒன்றேகால் அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். 28 கிலோ நாயை 18 மி.மீ. பலகை எளிதாகத் தாங்கும். ஆனால் நடுவில் லேசாகத் துள்ளினால் போதும், நாய் மிரண்டுவிடும். பூட்டி முடித்ததும் நீங்களே அதன் மேல் நடந்து பாருங்கள், துள்ளல் இருந்தால் இன்னொரு கட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

கீழ்முனையை இழைத்துத் தரையோடு சேர்த்துவிட வேண்டும். முக்கால் அங்குல விளிம்பு நிமிர்ந்து நின்றால், காலை உரசி நடக்கும் கிழ நாய்க்கு அதுவே ஒரு படி. மேல்முனைக்கும் படிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது, நகம் மாட்டும்.

இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குல உயரத்துக்கு ரீப்பர் அடியுங்கள். கால் ஓரத்துக்குப் போனதும் அதில் தட்டித் தானாக நடுவுக்கு வந்துவிடும். அந்த ஓர ரீப்பருக்கு மஞ்சள் அல்லது நீலப் பெயிண்ட் கொடுங்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது, மஞ்சளும் நீலமும் நன்றாகத் தெரியும். கண் மங்கிய நாய்க்கு இது பெரிய உதவி.

ஆணி வேண்டாம், எல்லாம் ஸ்க்ரூ. ஸ்க்ரூத் தலை மரத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். பெயிண்டோ வார்னிஷோ அடித்தால், வாடை முழுக்கப் போகும்வரை, இரண்டு மூன்று நாளாவது நாயை அண்டவிடாதீர்கள். நக்கிவிடும்.

அடுத்தது பலகை நழுவாமல் இருப்பது. சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதைப் பட்டையாக வெட்டிச் சட்டத்தின் அடியில், தரையைத் தொடும் இடமெல்லாம், ஒட்டிவிடுங்கள். பசை மரத்தில்தான் படவேண்டும், கல்லில் படக் கூடாது. மேல்முனையின் அடியில் ஒரு ரீப்பரை வைத்து அது கல்படியின் முகத்தில் முட்டி நிற்கும்படி செய்தால் பலகை முன்னே போகாது. பின்னே நழுவினால், சட்டத்தில் நூல் கயிறு கோத்துத் தூணில் துணி சுற்றிக் கட்டலாம்.

7. விரிப்பும் தரையும்

பலகைக்கு மேல் எதைப் போடுவது என்பதில் நிறையப் பேர் கோரைப்பாயைச் சொன்னார்கள். அது வழுக்கும், வேண்டாம். சாக்கு சுருண்டு காலில் சிக்கும். நூல் வளையம் உள்ள கார்ப்பெட்டில் நகம் மாட்டும். தேங்காய் நார் மேட் பிடிமானம் நன்றாகக் கொடுக்கும், ஆனால் மூத்திரம் இறங்கினால் நாற்றம் போகாது. வயதான நாய்க்கு அடக்க முடியாமல் போவது சகஜம். மேல்பக்கம் சொரசொரப்பான, கழுவக்கூடிய ரப்பர் மேட்தான் சரி. ஓரங்களை ரீப்பருக்கு அடியில் செருகி ஸ்க்ரூ போட்டுவிடுங்கள், வெறும் பசையை நம்ப வேண்டாம். சிலர் பலகையில் குறுக்கே ரீப்பர் அடிக்கச் சொல்வார்கள். காலை உயர்த்த முடியாத நாய்க்கு அது தடுக்கும்.

இப்போது தரை. ஆத்தங்குடிக் கல் புழங்கப் புழங்க மெருகேறும், நமக்கு அது பெருமை. அந்த மெருகில்தான் நாயின் கால் விலகுகிறது. பலகையின் கீழ்முனையிலிருந்து குறைந்தது மூன்று அடிக்கும், மேல்முனையிலிருந்து மூன்று அடிக்கும் ரப்பர் மேட் போடுங்கள். அங்கிருந்து நாய் படுக்கும் இடம்வரை, இடைவெளி இல்லாமல் மேட் பாதை ஒன்று போட்டால் இன்னும் நல்லது. நாய் ஏறுவதற்கு முன் பின்னங்காலை ஊன்றி உடம்பைத் தள்ளுவது தரையில்தான். இறங்கி வந்ததும் முன்னங்கால் முதலில் தொடுவதும் தரையைத்தான். இந்த இரண்டு இடத்தில் ஒரு தடவை வழுக்கினால், பலகையே ஆகாது என்று நாய் நினைத்துக்கொள்ளும். மாட்டுக் கொட்டகைக்குப் போடும் கனமான ரப்பர் மேட் கிடைத்தால் அது நகராமல் கிடக்கும்.

தேங்காய் எண்ணெய் தொட்டுத் தரையைத் துடைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், நாய் நடக்கும் பாதையில் மட்டும் நிறுத்திவிடுங்கள். வேலை செய்ய வரும் அக்காவிடம் இதைத் தனியாகச் சொல்லி, இடத்தையும் காட்டிவிடுங்கள். மூத்திரம் பட்ட கல்லில் பாத்ரூம் ஆசிட் ஊற்றவே கூடாது, சாயம் போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும். இரட்டைப் பக்க டேப்பைக் கல்லில் ஒட்டினால் பிசின் தங்கும்.

8. பழக்குவது

பலகையை உடனே படியில் சாய்த்துவிடாதீர்கள். நிலைப்படித் துண்டை முதலில் ஒரு ஓரமாகத் தரையில் கவிழ்க்காமல் வைத்துவிடுங்கள், நாய் மோந்து பார்த்துச் சுற்றி வரட்டும். மேலே ஒரு துண்டு வேகவைத்த முட்டையோ, எலும்பில்லாத கோழியோ வைத்தால் தானாகக் கால் வைக்கும். உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்தது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

அது பழகிய பிறகு நிலைப்படி, அதற்கும் பிறகுதான் முற்றத்துப் பெரிய பலகை. ஏறக் கற்றுக்கொண்ட நாய் இறங்கத் தயங்கும், ஏனென்றால் இறங்கும்போது எடையில் பெரும்பகுதி முன்னங்காலில் வருகிறது. மார்புப் பட்டை போட்டு, நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள். கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்துவிடும், இழுக்கவே இழுக்காதீர்கள். இடுப்புக்கு அடியில் பழைய துண்டு ஒன்றைத் தொட்டில்போல் கொடுத்து லேசாகத் தாங்கினால் தைரியம் வரும்.

தூங்கி எழுந்த உடனே மூட்டு இறுகியிருக்கும். வளவில் நாலு நடை நடக்கவிட்டு அப்புறம் பலகைக்குக் கூட்டிப் போங்கள். சில நாய்கள் ஒரே நாளில் பழகும், சில இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஜிம்மி முற்றத்துப் பலகையின் நடுவில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பான். நான் அவன் முதுகில் கை வைத்தால்தான் அடுத்த எட்டு எடுப்பான். அந்தக் கை சில நாளைக்குத் தேவைப்பட்டது, பிறகு தேவைப்படவில்லை.

9. பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை

வாரம் ஒரு தடவை பலகையைத் தூக்கி, அடியில் ஈரம் துடைத்து, கல்லையும் காயவிடுங்கள். மாதம் ஒரு தடவை ஸ்க்ரூ முறுக்குங்கள். அடைமழைக் காலத்தில் முற்றத்துப் பலகையை இரவில் உள்ளே எடுத்து வைத்துவிடலாம், இரண்டு பேர் சுலபமாகத் தூக்கலாம். விசேஷத்துக்கு வீடு நிறையும்போது பலகையை எடுத்துவிட்டு, நாயை அதன் படுக்கை, தண்ணீரோடு ஒரே மட்டத்தில் உள்ள அறையில் வையுங்கள். கூட்டத்தில் குழந்தைகள் அதில் சறுக்கி விளையாடுவார்கள், விரிப்பு கிழியும்.

எடையையும் கவனியுங்கள். பொரியலும் சோறுமாகப் போட்டு நாயைக் கனக்கவிட்டால் மூட்டுக்குத்தான் பாரம். நன்றாக ஏறிக்கொண்டிருந்த நாய் மறுபடி தயங்க ஆரம்பித்தால் பலகையைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வலி கூடியிருக்கும், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். சரிவைக் குறைக்கச் சொன்னால் புதுப் பலகை தேவையில்லை: படிக்குக் கீழே மூன்று நான்கு அங்குலக் கனத்தில் ஒரு மரத்தட்டு செய்து போட்டு, அதன் மேல் பலகையின் கால் ஊன்றும்படி வைத்தால் ஏற்றம் குறைந்துவிடும். மரத்தட்டில் ஏற இன்னொரு சின்னத் துண்டு போதும். மீதமிருந்த பிளைவுட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இதற்கு ஆகும்.